சுங்குடிப் பக்கமும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தேனியிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, உன் சேலைப் பக்கத்தைத் திறந்தா வெள்ளையாவே நிக்குது. எனக்கே பொறுக்கலை, முன்னபின்ன தெரியாதவங்க காத்திருப்பாங்களா?"

மதுரையில் நானும் என் மாமியாரும் சுங்குடி விற்கிறோம். தளத்தைச் செய்து கொடுத்தவர் கம்ப்யூட்டரில் காட்டியபோது பளபளவென்றுதான் இருந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் போனில் பார்ப்பவர்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அவள் சொல்லித்தான் இணையப் பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸைத் திறந்தேன். காசு கிடையாது, கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். பக்கத்தின் முகவரியை ஒட்டி பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வந்துவிடும். 90-ம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 89 வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு. எனக்கு டெஸ்க்டாப்பில் 78, மொபைலில் 27. நடுத்தரப் போனும் மந்தமான 4ஜி இணைப்பும் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் மொபைல் சோதனை நடக்கிறது. தேனியில் அவள் பட்ட பாடு அப்படியே எண்ணாக வந்து நின்றது.

மதிப்பெண்ணுக்குக் கீழே வருவதுதான் உண்மையான சரக்கு. திரையில் தெரியும் பெரிய படமோ எழுத்தோ வந்து சேர எவ்வளவு நேரம் என்று காட்டுகிறது. எல்சிபி என்பார்கள், 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 11 வினாடி! முகப்பில் தானாக ஓடும் ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் போனில் எடுத்தபடியே 4, 5 எம்பி. ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் படத்தின் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, படத்தின் எடையைக் குறைக்கும் வெப்-பி (WebP) வடிவத்தில் சேமித்தேன். 4.8 எம்பி படம் 160 கேபியாக இறங்கியது, முந்தானையில் ஒரு புள்ளிகூட மங்கவில்லை. ஓடும் படங்களை எடுத்துவிட்டு மாமியாரின் விரல்கள் முடிச்சுப் போடும் ஒரே படத்தை வைத்தேன். முதலிலேயே அதைத்தான் வைத்திருக்க வேண்டும்.

படம் வந்து விழும்போது கீழே இருப்பதெல்லாம் குதிப்பதையும் இது அளக்கிறது. வாட்ஸ்அப் பொத்தானைத் தொடப்போய் வேறு சேலைக்குள் போய்விட்டதாக இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். படங்களுக்கு அகலமும் உயரமும் குறிக்காமல் விட்டதுதான் காரணம். குறித்ததும் குதிப்பது நின்றது.

குறை என்று பார்த்தால், ஒரே பக்கத்தை இரண்டு தடவை சோதித்தால் எண் கொஞ்சம் மாறும். மூன்று முறை பார்த்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜப் பயனர்களின் 28 நாள் விவரம் காட்டும் பகுதி, கூட்டம் குறைந்த சின்னத் தளங்களுக்குக் காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்பெண் 91 ஆன பிறகும் வந்தவர்கள் தங்கவில்லை. பக்கம் எவ்வளவு வேகம் என்று இந்தக் கருவி சொல்லும், அதில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று சொல்லாது. வருகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்க்க கூகுளின் இன்னொரு கருவியான சர்ச் கன்சோல் வேண்டும், அதுவும் இலவசம்தான். எந்தச் சொற்களைத் தேடியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது என்று அதில் தெரியும். "சுங்குடி சாயம் போகுமா", "ஒரிஜினல் சுங்குடி எப்படிக் கண்டுபிடிப்பது" என்று வரிசையாக இருந்தன. போனில் தினமும் நான் பதில் சொல்லும் அதே கேள்விகள். என் பக்கத்திலோ "பாரம்பரியமும் தரமும் இணைந்த" என்று தொடங்கும் நான்கு வரிதான்.

அதை அழித்துவிட்டு, கைமுடிச்சுப் புள்ளி ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், மெழுகு அச்சில் எல்லாம் ஒரே மாதிரி விழும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டு எழுதினேன். எங்களிடம் இரண்டும் உண்டு, எது எது என்று மறைக்காமல் குறித்தேன். முதல் இரண்டு தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசச் சொன்னேன். சேலை நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்தேன். "ஐட்டம் 14" என்று கிடந்த தலைப்பு "அரக்கு நிறக் கைமுடிச்சுச் சுங்குடி" ஆனது.

போன வாரம் கோவையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். சாயம் போகுமா என்று கேட்கவில்லை. "அந்த அரக்கு இன்னும் இருக்காம்மா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.