மாமாவின் லான்ட் றோவரும் அதன் பின்கதவும்: பளையில் ஒன்பது நாள்

நல்லூர்த் திருவிழாவுக்கென 2025 ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். அங்கு நின்ற நான்கு கிழமைகளில், கோயிலை விட அதிக நேரம் நான் இருந்த இடம் பளைக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 வீதியோரமாக இருந்த ஒரு வாகனத் திருத்தகம். காரணம் மாமாவின் லான்ட் றோவர் டிபென்டரின் பின்கதவு. போன அன்றே என் பெட்டிகளை ஏற்றிய பிறகு அந்தக் கதவைத் தும்புக் கயிற்றால் இழுத்துக் கட்டித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்தால் ஓரங்குலம் கீழே இறங்கும். மூடும்போது முழங்காலால் முட்டுக் கொடுத்துத் தூக்கி அடிக்கவேண்டும். ஓடும்போது சோளகக் காற்றோடு செம்மண் புழுதி முழுவதும் அதனூடாக உள்ளே வரும்.

1997ஆம் ஆண்டில் செய்த அந்த வண்டியை யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் தொண்டு நிறுவனமொன்று ஏலத்தில் விற்றபோது மாமா வாங்கியிருந்தார். அதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்குங்கள் என்று வெளிநாட்டிலிருந்து சொல்வது எளிது. 2020 பங்குனியில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே அங்கே பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் அதைத் திருத்தித் திருத்தியே ஓடுகிறார்கள்.

இந்தக் கதவு ஏற்கெனவே ஒரு தடவை ‘திருத்தப்பட்டது’. முந்திய வருடம் வேறொரு கராச்சில் 45,000 ரூபா வாங்கிக்கொண்டு, புட்டி வைத்து, பிணைச்சலுக்கு வாசர் போட்டு உயர்த்தி, பளபளவென்று பெயின்ற் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் பெயின்ற் கொப்பளித்து, கதவு பழையபடி தொங்கிவிட்டது. இம்முறை மாமா இன்னொரு இடத்தில் தொலைபேசியில் கேட்டபோது அறுபதாயிரம் என்றார்கள். நான் நேரில் போய், என் காற்சட்டையையும் சப்பாத்தையும் அவர்கள் பார்த்த பிறகு, அதே வேலை ஒரு லட்சத்துப் பத்தாயிரமாகிவிட்டது. விலை கேட்கும் வேலையை ஊரில் இருப்பவர்களிடமே விட்டுவிடுவது புத்தி என்பதை ஒவ்வொரு பயணத்திலும் கற்று, ஒவ்வொரு பயணத்திலும் மறக்கிறேன்.

கடைசியில் மாமாவின் வயல் அயலவர் ஒருவர் காட்டிய, வாகனத் தகடு திருத்தும் ரிங்கர் வேலைக்காரரிடம் போனோம். தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், இரண்டு பொடியன்கள். பெயர்ப் பலகைகூட இல்லை. அவர் கதவைத் திறந்து மூடிப் பார்க்கவில்லை. கதவின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, தண்ணி வடியிற ஓட்டையளை ஆரோ புட்டியால அடைச்சுப்போட்டினம். உதுக்கு மேல என்னத்தைப் பூசினாலும் நிக்காது.”

லான்ட் றோவர் 1948இல் வெளிவந்த காலத்தில் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால், அதன் உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அந்த முறை டிபென்டர் வரை தொடர்ந்தது. கதவின் வெளித்தோல் அலுமினியம். உள்ளே இருக்கும் சட்டம் உருக்கு. தோலின் ஓரத்தைச் சட்டத்தின்மேல் மடித்து அமர்த்தியிருப்பார்கள். இவ்விரு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகும். வர்ணம் போன இடங்களில் உருக்குச் சட்டமும் தன்பாட்டில் கறள் பிடிக்கும். ஆனையிறவுக் கடல்நீரேரிக் காற்றை வருடம் முழுவதும் வாங்கும் வண்டிக்கு வேறெதுவும் தேவையில்லை. போதாக்குறைக்கு அந்தக் கதவுதான் மேலதிகச் சில்லையும் சுமக்கிறது. 7.50-16 ரயரும் இரும்பு றிம்மும் சேர்ந்தால் முப்பது கிலோவுக்குக் குறையாது. வயல் வரம்புப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பாரம் பிணைச்சலை உலுப்பிக்கொண்டே இருக்கும்.

கதவைக் கழற்றவே ஒரு பகல் போனது, பிணைச்சல் போல்ட்டுகள் இறுகிப்போய்க் காஸ் வைத்துச் சூடாக்கவேண்டியிருந்ததால். பிறகு மெல்லிய உளியால் மடிப்பை அங்குலம் அங்குலமாக நிமிர்த்தித் தோலைப் பிரித்தார்கள். உள்ளே கீழ்ச்சட்டம் இருந்த இடத்தில் கறள் தகடுகளும், அலுமினிய ஓரம் நெடுகிலும் கோதுமை மாத் தூவியது போன்ற வெள்ளைப் பொடியும் இருந்தன. பொடியன்களில் ஒருவன் சட்டத்தைப் பெருவிரலால் அழுத்தினான்; விரல் உள்ளே போய்விட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்.

பழுதான கீழ்ப்பகுதியையும் இரு பக்கங்களின் அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, சதுரக் குழாயில் புதுச் சட்டம் வெல்டிங்கில் ஒட்டி, நாகம் (சிங்க்) கலந்த அடிப்பூச்சு இரண்டு தரம் பூசினார்கள். அடுத்து அவர் செய்த வேலையைத்தான் இங்கே முக்கியமாக எழுத விரும்புகிறேன். பழைய சைக்கிள் ரியூபை நீளவாக்கில் நாடாவாக வெட்டி, சட்டத்தைச் சுற்றி ஒட்டி, அதன் மேல் அலுமினியத் தோலைப் போர்த்தி, மரச்சுத்தியலால் மெதுவாக மடித்துத் தட்டினார். இரண்டு உலோகமும் நேரே தொடாமலிருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பாடப்புத்தகத்தில் இதற்கொரு பெயர் இருக்கிறது; அவர் அதை “தொடாமல் வைக்கிறது” என்று மட்டும் சொன்னார். அடைத்திருந்த ஓட்டைகளைத் துளைத்துத் திறந்ததோடு மூலைகளில் இன்னும் இரண்டு ஓட்டைகளும் போட்டார்.

பிணைச்சல் ஊசிகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. அவற்றைக் கிளிநொச்சியில் ஒரு கடைசல் பட்டறைக்கு நானே கொண்டுபோய், புது ஊசியும் பித்தளைப் புஷ்ஷும் கடைந்து வாங்கினேன்; இரண்டு மணித்தியாலத்தில், சொன்ன விலைக்கே வேலை முடிந்தது. கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங் மட்டும் வடக்கில் கிடைக்கவில்லை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் வாங்கி இரவு பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டார். முதலில் வந்தது முன்கதவுக்குரியது. மாற்றி எடுக்க இன்னும் இரண்டு இரவு.

சில்லு விடயத்தில்தான் வாக்குவாதம். அதைக் கதவில் மாட்டவே கூடாதென்று வேலைக்காரர் ஒரேயடியாகச் சொன்னார். வண்டிக்குள் வைத்தால் தேங்காய் மூட்டைக்கு இடமில்லை என்றார் மாமா. முடிவில், பழைய லொறியொன்றின் கிங் பின்னையும் (முன்சில்லு திரும்பும் அச்சாணி) புஷ்ஷையும் பின் குறுக்குச் சட்டத்தில் ஒட்டி, சில்லு தனியே தொங்கும் ஓர் இரும்புக் கையைச் செய்து தந்தார். இப்போது பாரம் கதவில் இல்லை, வண்டியின் அடிச்சட்டமான சசியில் இருக்கிறது. ஆனால் முதலில் கையை விலக்கி, பிறகுதான் கதவைத் திறக்கவேண்டும் என்பதால் மாமா இன்றுவரை முறுமுறுக்கிறார்.

குறைகளையும் சொல்லவேண்டும். நாலு நாள் என்றவர் ஒன்பது நாள் எடுத்தார். தொலைபேசியை அவர் எடுப்பதேயில்லை. வேலை எந்த மட்டில் என்று அறிய நேரே போகவேண்டும். நிறம் முழுதாகப் பொருந்தவில்லை, வெயிலில் கதவு மட்டும் ஒரு சாயல் கடும்பச்சையாகத் தெரிகிறது. பற்றுச்சீட்டு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. ஆனால் அதில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியே இருந்தது: கூலி 40,000, கடைசல் 9,500, பீடிங் பார்சல் கூலியோடு 12,000, இரும்பு, பூச்சு, சில்லரை 17,000, மொத்தம் 78,500 ரூபா. கொழும்பில் இதே கதவைப் பழையதாக ஒன்றே கால் லட்சத்துக்குக் கேட்டிருந்தார்கள், அதன் உள்ளே எவ்வளவு கறள் என்பதைப் பார்க்கவும் விடாமல்.

நான் திரும்பி வந்தபின், ஐப்பசியில் மழை தொடங்கிய முதற்கிழமை மாமா ஒரு படம் அனுப்பினார். கதவு படத்தில் பாதிதான் விழுந்திருந்தது. அடி ஓட்டைகள் நான்கிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே, “வடியுது” என்று ஒரு சொல்.