பைக்கில் சார்ஜர் மாட்டக் கொடுப்பவர்கள், சீட்டை மூடும் முன் ஃபியூஸைக் காட்டச் சொல்லுங்கள்

சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு ஆக்சசரீஸ் கடையில் யுஎஸ்பி சார்ஜர் மாட்டினேன். ரிலே (சாவி போட்டால் மட்டும் சார்ஜருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), ஃபியூஸ் இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டு, இரண்டையும் போடாமலே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே வயர் உருகியது. யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

சாவி போட்டால் மட்டும் சார்ஜர் வேலை செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். "ரிலே போட்டுத்தான் சார் தருவோம், கம்பெனி வயரிங்கில் கையே வைக்க மாட்டோம்" என்றார்கள். பில் 1,450 ரூபாய். சார்ஜர், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், கூலி என்று தனித்தனியாக எழுதியிருந்தது. ஆனால் வண்டியை எடுக்கும்போது, சாவியை அணைத்த பிறகும் சார்ஜரில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்று பதில் வந்தது. அப்பட்டமான பொய். சாவியோடு சேர்ந்து இயங்கும் ரிலே இருந்தால், சாவி அணைந்ததும் அந்த விளக்கும் அணைந்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருவண்ணாமலை போனேன். திண்டிவனம் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரம் கட்டுவதற்குள் மீட்டர், ஹெட்லைட், இன்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. டேங்குக்கு அடியிலிருந்து புகை. அம்மாவை இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சாவியை அணைத்தேன், புகை நிற்கவில்லை. சீட்டைக் கழற்றி பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்த பிறகுதான் அடங்கியது. அம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி செஞ்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டேங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்றை நேரடியாகச் சுற்றி, கம்பெனி வயரிங்கோடு சேர்த்துக் கட்டி, ஹேண்டில் வரைக்கும் இழுத்திருந்தார்கள். நடுவில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட். ஃபியூஸும் இல்லை, ரிலேயும் இல்லை. ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயருக்குத் தளர்வு விடாததால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஃபிரேமில் உரசி உறை கிழிந்திருக்கிறது. ஃபிரேம் முழுக்க நெகட்டிவ். செம்பு அதில் பட்டால் நேர் ஷார்ட்தான். பைக் பேட்டரி சின்னதாக இருந்தாலும் ஷார்ட் ஆகும்போது நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். வயர் பழுத்து, பக்கத்தில் இருந்த கம்பெனி வயர்களையும் சேர்த்து உருக்கிவிட்டது. அதன் பிறகுதான் வண்டியின் மெயின் ஃபியூஸ் போயிருக்கிறது. கடைக்காரர்கள் இழுத்த வயர் மெயின் ஃபியூஸுக்கு முன்னாலேயே பேட்டரியிலிருந்து கிளம்பியதால், அந்த ஃபியூஸால் அதைக் காப்பாற்ற வழியே இல்லை.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ஃபியூஸ் இருப்பது சார்ஜருக்காக இல்லை, வயருக்காக. அதனால் அது பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹேண்டில் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜர் என்றால் 15 வாட். பேட்டரியிலிருந்து அது இழுப்பது சுமார் ஒன்றரை ஆம்பியர்தான். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும், மிஞ்சினால் 5. கையில் கிடைத்தது என்று 15, 20 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் ஃபியூஸ் போவதற்குள் மெல்லிய வயர் எரிந்துவிடும்.

ரிலே இல்லாததில் இன்னொரு தொல்லையும் உண்டு. சும்மா எரியும் விளக்கு 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-அவர் (பேட்டரி சேமித்து வைக்கும் கரண்டின் அளவு) போய்விடும். 8 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள வண்டியை ஊருக்குப் போய் இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால், திரும்பி வரும்போது செல்ஃப் எடுக்காது.

வேலை முடிந்து கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது சோதிப்பது சுலபம். போனைச் சார்ஜில் போடுங்கள். சாவியை அணைத்தால் சார்ஜ் நிற்க வேண்டும். சாவியை மறுபடி போட்டு, புதிதாக மாட்டிய ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லுங்கள். அப்போதும் நிற்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஜாயிண்ட் இருந்தால் டேப்பை ஏற்காதீர்கள், வெயிலில் அதன் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஈயத்தால் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி வயரை இறுக்கிக்கொள்ளும் குழாய்) போடச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கருகிய வயரோடு அந்தக் கடைக்குப் போனேன். "மழைத் தண்ணி இறங்கியிருக்கும் சார்" என்றார்கள். ரிலே எங்கே என்று பில்லைக் காட்டியதும், மாட்டிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். ரிலே காசை மட்டும் திருப்பித் தருகிறேன் என்றார் முதலாளி, நான் வாங்கவில்லை. வெளியில் வயரிங் வேலை செய்திருப்பதால் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரும் கைவிரித்துவிட்டது. வயரிங் கிட், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாயைத் தாண்டியது. பில், செஞ்சியில் எடுத்த படங்கள், எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.