பியர் காய்ச்ச எந்த கெட்டில் வாங்கலாம்? அலுமினியமா, எவர்சில்வரா, கரண்ட் மெஷினா

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி போன வாரம் கேட்டான், "அண்ணே, நானும் வீட்டுல பியர் காய்ச்சலாம்னு இருக்கேன், கெட்டில் அலுமினியத்துல வாங்கட்டுமா ஸ்டீல்ல வாங்கட்டுமா"ன்னு. நின்ன இடத்துல பதில் சொல்ல முடியல, ஏன்னா கேள்வியே அங்க ஆரம்பிக்கக் கூடாது. எந்த உலோகம்ங்கறது ரெண்டாவது, எவ்ளோ கொள்ளும்ங்கறதுதான் மொதல்ல. (கெட்டில்னா டீ போடுறது இல்ல, பிரியாணி அண்டா சைஸ்ல ஒண்ணு.)

நான் இருக்கறது டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம். அமெரிக்காவுல 1978ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம், ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுல வருஷம் 200 கேலன் வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு வரி இல்லாம காய்ச்சிக்கலாம், விக்கக் கூடாது. ஊர்ல இருந்து படிக்கறவங்க செஞ்சு பாக்காதீங்க, தமிழ்நாட்டுல இது குற்றம்.

இங்க ரெசிப்பி பெரும்பாலும் 5 கேலனுக்குத்தான் இருக்கும், கிட்டத்தட்ட 19 லிட்டர். அதப் பாத்துட்டு 5 கேலன் பாத்திரம் போதும்னு வாங்கிடுறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, கடைசில 5 கேலன் கைக்கு வரணும்னா அடியில தங்கற ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தர்ற பூ) கசடுக்கு ஒரு அரை கேலன், ஒரு மணி நேரம் கொதிக்கறதுல ஆவியா போறது ஒரு கேலன், ஆக கொதி ஆரம்பிக்கறப்பவே ஆறரை கேலன் உள்ள இருக்கணும். அதுக்கு மேல பொங்கறதுக்கு இடம் வேணும். பால் பொங்கறதும் வோர்ட் (பின்னாடி பியராகப் போற இனிப்பு மால்ட் சாறு) பொங்கறதும் ஒண்ணுதான், கொதி வர்ற நேரத்துல புரோட்டீன் திரண்டு பழுப்பு நுரையா ஏறும், நாம அந்தப் பக்கம் திரும்பி ஹாப்ஸ் பாக்கெட்ட வெட்டறதுக்குள்ள விளிம்பத் தாண்டி அடுப்புல வழிஞ்சு பிசின் மாதிரி ஒட்டிக்கும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (கடையில ரெடியா விக்கிற கெட்டியான மால்ட் சாறு) வச்சு மட்டும் காய்ச்சறவங்களுக்கு 8 கேலன் போதும்.

துணிப்பையில மால்ட்ட (முளைகட்டிக் காயவச்ச பார்லி) போட்டு அதே பாத்திரத்துல ஊற வைக்கிற முறைக்குப் போனீங்கன்னா 8 பத்தாது. தண்ணி ஏழரை கேலன், 10 பவுண்டு மால்ட் தண்ணிக்குள்ள அடைக்கிற இடம் முக்கால் கேலனுக்கு மேல, கூட்டினா 8 தாண்டுது. அதனால என்னோட சாய்ஸ் 10 கேலன், கண்ண மூடிட்டு வாங்கலாம். 15 கேலன் வாங்கி வச்சுக்கிட்டா பின்னாடி உதவும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு உடன்பாடு இல்ல, அகலமான பாத்திரத்துல 5 கேலன் ஊத்தினா ஆழம் கம்மி, ஆவியாகறது அதிகம், வோர்ட்ட ஆற வைக்க உள்ள எறக்கற சுருள் குழாய் பாதி வெளியவே நிக்கும்.

இப்ப உலோகத்துக்கு வரலாம். அலுமினியத்துக்கு ரெண்டு ப்ளஸ், விலையும் எடையும் கம்மி, சூடு ஒரே சீரா பரவும். எவர்சில்வர விட பத்துப் பதினஞ்சு மடங்கு நல்லா சூட்டக் கடத்தும், அதனால அடி பிடிக்கறது குறைவு. தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சதும் வான்கோழி பொரிக்கிற செட்டு, அதாவது 30 குவார்ட் அலுமினியப் பாத்திரமும் கேஸ் பர்னரும் சேத்து, தள்ளுபடியில கிடைக்கும், நிறைய பேரு அதுலதான் ஆரம்பிக்கறாங்க. ஆனா 30 குவார்ட்னா ஏழரை கேலன்தான், எக்ஸ்ட்ராக்ட்டுக்கு மட்டும் சரிப்படும்.

அலுமினியம் பியர்ல எறங்குமான்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம வீட்டு இட்லிப் பானை உள்பக்கம் தண்ணி நிக்கிற மட்டம் வரைக்கும் கறுத்துப் போகும்ல, அம்மாங்க எல்லாம் அது கறுக்காம இருக்க ஒரு துண்டு புளியப் போடுவாங்க. அந்தக் கறுப்புதான் ஆக்சைடு படலம், உலோகத்த மூடிக் காக்கறதே அதுதான். பியர் பாத்திரத்துல நமக்கு அது வேணும். புதுசா வாங்கினதும் முழுக்கத் தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்க, சாம்பல் கலர் வரும், அதத் தேய்க்கவே தேய்க்காதீங்க, புளியும் வேணாம். வோர்ட்டோட பிஹெச் 5 சொச்சம், அதாவது லேசான புளிப்புதான், ஒரு மணி நேரக் கொதிக்கு அந்தப் படலம் அசையாது. ஆனா காஸ்டிக் சோடா, ஆக்ஸிக்ளீன் மாதிரி காரமான க்ளீனர் பட்டா படலமும் போகும் பாத்திரமும் அரிக்கும்.

எவர்சில்வர்ல அந்தக் கவலையே இல்ல, எந்தக் க்ளீனரும் தாங்கும், ப்ளீச்ச மட்டும் ஊற வைக்கக் கூடாது, குளோரைடு புள்ளி புள்ளியா குழி போடும். அடி தகரம் மாதிரி மெல்லிசா இருக்கற சீப் மாடல வாங்காதீங்க, எக்ஸ்ட்ராக்ட்ட ஊத்தினா நேரா கீழ போய் உக்காந்து கருகிடும் (எந்தப் பாத்திரமா இருந்தாலும் ஊத்தறப்ப அடுப்ப அணைச்சிடுங்க). நடுவுல அலுமினியத் தட்டு வச்ச மூணடுக்கு அடி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

எனாமல் பாத்திரம் பத்தி ஒரே வரி: ஒரு இடத்துல சில்லு பேந்தா துரு, பியர்ல இரும்பு வாசனை, வேணாம். பழைய பியர் பீப்பாய மேல வெட்டி கெட்டிலாக்கறதும் உண்டு, 15.5 கேலன், நல்ல கனமான ஸ்டீல்தான், ஆனா கடையில கட்டற டெபாசிட் பீப்பாயோட விலை இல்ல, அது ப்ரூவரி சொத்து. முறையா விக்கிறவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நெனைக்கிறது வால்வப் பத்தி, அதாவது பாத்திரத்தோட அடிப்பக்கம் வோர்ட்ட வடிக்கற குழாய். ஆறு கேலன் வோர்ட்னா பாத்திரத்தோட சேத்து 60 பவுண்டுக்கு மேல, அத சூடா தூக்கி சாய்க்கறது உயிரோட விளையாடறது. வால்வ் இல்லாத கெட்டில் எவ்ளோ சீப்பா இருந்தாலும் வேணாம். வெல்டிங் வச்சது விலை கூட, நட்டு போட்டு முடுக்கறது கம்மி, முடுக்கறதே போதும், கழட்டிக் கழுவலாம். ஆனா என்னோட மொத கெட்டில்ல ஓ ரிங் (ரப்பர் வளையம்) சரியா உக்காரல, கொதி பாதியில சொட்டுச் சொட்டா பர்னர் மேல விழுந்துச்சு, சர்க்கரை கருகற வாசனை வந்தப்பதான் குனிஞ்சு பாத்தேன், அதுக்குள்ள பின்பக்கம் பூரா கறுப்பா வழிஞ்சிருந்துச்சு. அதனால மொத நாள் வெறும் தண்ணிய ஊத்திக் கொதிக்க வச்சு வால்வுக்கு அடியில டிஷ்யூ பேப்பர ஒத்திப் பாருங்க. வால்வும் மூணு துண்டா கழட்டற மாடலா இருக்கட்டும், ரெண்டு துண்டு வால்வ ஆறு பேட்ச் கழிச்சு வீம்புக்குத் திறந்தேன், பந்துக்குப் பின்னாடி பழுப்பு ஜெல்லி மாதிரி அப்பியிருந்துச்சு, அது வழியாத்தான் ஆறின வோர்ட் எல்லாம் போயிருக்கு.

கரண்ட் மெஷின், அதாவது ஹீட்டர், பம்ப், மால்ட் கூடை எல்லாம் ஒண்ணா வர்றது, அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு இதான் வழி. கேஸ் பர்னர வீட்டுக்குள்ள கொளுத்தவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆள முடிச்சிடும், கராஜ் கதவத் தொறந்து வச்சாலும் பத்தாது. மெஷின்ல எடுத்துக்காட்டா ஆன்வில் ஃபவுண்ட்ரி 10.5 கேலன் மாடல், 120 வோல்ட்ல 1600 வாட்ஸ், 240ல 2800 வாட்ஸ். 7 கேலன மால்ட் ஊறின சூட்டுல இருந்து கொதிக்கு ஏத்த 1600 வாட்ஸ்ல குறைஞ்சது 40 நிமிஷம், 2800ல அதுல பாதி சொச்சம். கொதி வந்த பிறகும் சாதா ப்ளக்குல துள்ளிக் கொதிக்காது, மணிக்கு அரை கேலன்தான் போகும், அப்ப மொதல்ல ஊத்தற தண்ணியக் குறைக்கணும். வாஷிங் மெஷின் பக்கத்துல ட்ரையருக்கு 240 வோல்ட் பாயிண்ட் இருந்து, மெஷினோட ப்ளக் அதுல பொருந்தினா தாராளமா வாங்குங்க, இல்லன்னா பொறுமை வேணும். எக்ஸ்டென்ஷன் ஒயர்ல மட்டும் மாட்டாதீங்க.

தம்பிகிட்ட கடைசியா சொன்னது: பின்னாடி முற்றம் இருக்கு, கேஸ் பர்னர் வைக்க இடம் இருக்கு, 10 கேலன் எவர்சில்வர், மூணடுக்கு அடி, வால்வோட வாங்கிக்கோ, வெப்பமானி பதிச்ச மாடலுக்குக் கூடக் காசு கொடுக்காத, கையில பிடிக்கிற ஒண்ணே போதும். மூடிய கொதிக்கறப்ப போட்டுடாத, மூடினா வேகவச்ச மக்காச்சோள வாசனை பியர்லயே தங்கிடும். உள்ள கேலன் கோடு போடலன்னாலும் பரவால்ல, நீளமான மரக்கரண்டி ஒண்ணு எடுத்து, ஒவ்வொரு கேலனா தண்ணி ஊத்தி, நனைஞ்ச இடத்துல கத்தியால ஒரு வெட்டு போட்டு வச்சுக்கோ.