சில்வர் ஓக்கா, நாட்டு மரமா? கீழ்மலைக் காபித் தோட்டத்தின் நிழல் கணக்கு

சித்தரேவு தாண்டி, பழனி மலையின் கீழ்ப்பகுதியான கீழ்மலைக்கு ஏறும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால், பெரும்பாறைக்கு மேலே இரண்டு வகைக் காபித் தோட்டங்கள் மாறி மாறி வரும். ஒன்றில் மரங்கள் நட்ட கம்பம் போல நேராக, ஒரே உயரத்தில் நிற்கும். காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் புரளும். அது சில்வர் ஓக். மற்றொன்றில் பலா, நாவல், அத்தி, சந்தன வேம்பு என்று ஆளுக்கொரு திசையில் கிளை பரப்பி நிற்கும். அடியில் காபி, நடுவே மலைவாழை, மரத்தில் மிளகுக் கொடி. மரக்கன்று கொடுக்கும் திட்டங்களின் பதிவேட்டில் இரண்டும் ஒன்றுதான்: இத்தனை ஆயிரம் மரம். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எது நல்ல மரம் என்ற கேள்வியை மட்டும் கேட்டால் பதில் எளிது. எதை அவரால் வைத்துக் காப்பாற்ற முடியும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் காபி என்ன கேட்கிறது என்று பார்ப்போம். அராபிகா என்னும் காபி வகை எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த செடி. நம் நாட்டில் அதை ஏறக்குறைய முழுவதும் நிழலில்தான் வளர்க்கிறோம். பிரேசிலின் பெருந்தோட்டங்களைப் போல வெட்டவெளியில் வளர்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பாசனமும் இயந்திரமும் உரமும் கையில் இருந்தால் வளர்க்கலாம். கீழ்மலைச் சரிவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரணம் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் தண்டின் பட்டை இடுக்குகளைத் தேடித்தான் அந்த வண்டு முட்டையிடும். ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அது பறக்கும். புழு உள்ளே புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு எதிராக அராபிகா விவசாயிக்கு இருக்கும் முதல் காவல் நிழல்.

நிழல் கூடினாலும் கேடுதான். மழைக்காலத்தில் காற்று புகாத அடர்நிழலில் கரும் அழுகல் நோய் வரும், காய்த் துளைப்பான் பெருகும், பூப்பதும் குறையும். காபிக்குத் தேவை சல்லடை போட்டது போல வெயில் வடிந்து இறங்கும் நிழல். இரண்டு வகை மரங்களையும் இந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

சில்வர் ஓக்கின் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கை ஆர்வலர்கள் பலர் அதைச் சொல்வதே இல்லை, அது விவசாயிக்குச் செய்யும் அநீதி. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த மரம் இது. விதை எளிதில் முளைக்கும், கன்று பிழைக்கும், ஆடுமாடு அதிகம் கடிக்காது. கிளைப் பரப்பு குறுகியது என்பதால் பக்கத்துச் செடியை அமுக்காது. வேர் ஆழம் போவதால் காபியோடு அதிகம் போட்டியிடாது. கிளை கழிக்கும் வேலை குறைவு. மரம் ஏறி நிழல் கவாத்து செய்யும் ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட ஊரில் இது சிறிய விஷயமில்லை. நேரான தண்டில் மிளகுக் கொடியைப் பதினைந்து, இருபது அடிக்கு ஏற்றலாம். பிளைவுட்டுக்கும் பெட்டி மரத்துக்கும் வியாபாரி தேடி வருவார். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ நாலு மரத்தை விற்கலாம் என்ற நம்பிக்கை, வங்கிக் கணக்கில் பணமில்லாத வீட்டில் பெரிய தைரியம்.

இந்த நியாயத்தில் ஒரு ஓட்டை உண்டு. மிளகு ஏறிய மரத்தை வெட்ட மனம் வராது. வெட்டினால் நன்றாகக் காய்க்கும் கொடியும் சேர்ந்து போகும். மிளகா மரமா, இரண்டில் ஒன்றைத்தான் முழுதாக எடுக்க முடியும். நட்டது எல்லாம் ஒரே வயது என்பதால் மொத்தமாக விலை பேசி வெட்டும் ஆசையும் வரும். வெட்டிய அடுத்த கோடையில் தோட்டம் முழுக்க வெயில். துளைப்பானுக்கு அதைவிட நல்ல அழைப்பு இல்லை. இதன் இலைச்சருகு மட்கவும் நாளாகும். மண்ணை மூடி வைக்கும் போர்வையாக உதவுமே தவிர, பலா இலையையோ கல்யாண முருங்கை இலையையோ போல விரைவில் உரமாகாது.

நாட்டு மரத்தின் பக்கம் வந்தால், தனி மரமாக எதையும் எடைபோட முடியாது. கூட்டமாகத்தான் அதன் பலன். பழைய தோட்டங்களில் இரண்டு அடுக்கு இருந்தது. கீழே கல்யாண முருங்கை: கிளைத் துண்டை, அதாவது போத்தை வெட்டி நட்டால் தழைக்கும், பயறுக் குடும்பம் என்பதால் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். மேலே பலா, அத்தி, நாவல், ஈட்டி (ரோஸ்வுட்). ஒன்று இலை உதிர்க்கும்போது மற்றொன்று பசுமையாக இருக்கும். ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றது நிற்கும். 2005-06 வாக்கில் முடிச்சுக் குளவி என்ற மிகச் சிறிய பூச்சி தென்னிந்தியாவின் கல்யாண முருங்கைகளைச் சூறையாடியபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் அதில் ஏற்றியிருந்த மிளகையும் சேர்த்து இழந்தார்கள். ஒரே மரத்தை நம்பாதே என்று சில்வர் ஓக் தோட்டக்காரருக்குச் சொல்வதை நாட்டு மரத்துக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். கீழ்மலைக்கு இது தெரியாத பாடமும் இல்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி வாழை இங்கே மலை மலையாக இருந்தது. முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதியை அழித்தது. அந்த இடத்தில்தான் காபி பரவியது.

தண்ணீர்க் கணக்கையும் விடக்கூடாது. இந்தச் சரிவில் விழும் மழைதான் அய்யம்பாளையத்துக்கு மேலே மருதாநதி அணைக்கும், ஆடலூர், பன்றிமலைப் பக்கம் விழுவது ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. பல உயரத்தில் கிளையும், பல ஆழத்தில் வேரும், தரையில் மட்கிய சருகும் உள்ள தோட்டம் மழையை உள்ளே வாங்கி மெல்ல விடும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: நாட்டு மரக் கலப்புதான் மேல்.

அப்படியானால் விவசாயி ஏன் அதை நடுவதில்லை? அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவருக்கு எல்லாம் தெரியும். வெட்டும் உரிமை யாரிடம் என்பதுதான் கேள்வி. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அதற்கென அமைத்த அரசுக் குழுவின் அனுமதி வேண்டும் என்கிறது. ஈட்டி மரத்துக்கென்றே 1994இல் தனிச் சட்டம் வந்தது. காட்டைக் காக்க எழுந்த நல்ல நோக்கம்தான். ஆனால் தோட்டத்தில் தானாக முளைத்த ஈட்டிக் கன்றைப் பார்க்கும் விவசாயியின் மனதில், இது பெரிதானால் என்னுடையதா என்ற சந்தேகத்தையும் அது விதைத்தது. களை எடுக்கும்போது கன்றும் சேர்ந்து போய்விடுகிறது. கர்நாடகத்தில் இது இன்னும் வெளிப்படை: அங்கே 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் சில்வர் ஓக்குக்கு வெட்டு அனுமதியிலிருந்து விலக்கு அளித்தது. காவிரி பிறக்கும் குடகில் நாட்டு மரங்கள் நின்ற தோட்டங்கள் பல சில்வர் ஓக்குக்கு மாறியதில் இந்த விலக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

கடல் தாண்டியும் இதே கதைதான். கானாவின் கொக்கோ விவசாயிகளில் பெரும்பாலோர் நம் கீழ்மலைக்காரரைப் போலச் சில ஏக்கர்காரர்கள். அங்கே தானாக முளைத்த தடிமரம், 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயியின் நிலத்தில் நின்றாலும் அரசின் பொறுப்பில் உள்ளது. உரிமம் பெற்ற நிறுவனம் வந்து மரத்தைச் சாய்க்கும்போது அடியில் நொறுங்குவது அவருடைய கொக்கோ. அதனால் கன்றாக இருக்கும்போதே சத்தமில்லாமல் அழித்துவிடுவது அங்கே பழக்கமானது.

எனவே இரண்டு ஏக்கர் அராபிகா வைத்திருப்பவர் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். நிற்கும் நாட்டு மரம் எதையும் எடுக்க வேண்டாம். அடர்ந்த கிளையை மட்டும் மழைக்கு முன் கழித்துவிடுங்கள். புதிதாக நடுவதில் பெரும்பங்கு, வெட்டாமலே பணம் தரும் மரமாக இருக்கட்டும்: பலா, வெண்ணெய்ப் பழம், நாரத்தை, எலுமிச்சை. பழத்துக்கு எந்தக் குழுவிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலாவுக்குக் காட்டுமாடும் யானையும் வரும் என்பது உண்மை. பழத்தைப் பிஞ்சிலேயே இறக்கிக் கறிக்காய்க்கு விற்பது அதற்கு ஓரளவு பரிகாரம். அவற்றுக்கு நடுவே ஏக்கருக்கு நாலைந்து அத்தியும் நாவலும் போதும். சில்வர் ஓக்கை வேலியோரத்திலும் காற்று வாங்கும் முகட்டிலும் வரிசையாக வையுங்கள். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் நடாமல் மூன்று நான்கு தவணையாக நட்டால், வெட்டும் முறையும் தவணையாகவே வரும்.

கன்று கொடுக்கும் அமைப்புகளிடம் கேட்க வேண்டியது வேறு. கன்றோடு, நட்டவர் பெயரில் மரத்தைப் பதிவு செய்து ஒரு சான்றும் வாங்கிக் கொடுங்கள். ஐந்தாம் ஆண்டில் வந்து எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள். நாட்டு மரக் கன்றைத் தொலைவிலுள்ள நாற்றங்காலிலிருந்து லாரியில் ஏற்றி வரவும் தேவையில்லை. பலா விதை காய்ந்தால் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். ஆனி மாதம் ஊரிலேயே பழுக்கும் நல்ல மரங்களைப் பார்த்து வைத்து, கொட்டையை வாங்கிப் பையில் ஊன்றினால், ஐப்பசி மழைக்கு முழங்கால் உயரக் கன்று குழிக்குத் தயாராக இருக்கும்.