ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் சேவை: எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வாயால் கதை சொல்லச் சொன்னால் அரைமணி நேரம் நிறுத்த மாட்டான், அதையே புத்தகத்தில் வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே வயிறு வலிக்கும் என்பான். ஒரு வருடம் ஆசிரியரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். "வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். அந்த ஒரு வருடம் வீணாகப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்தது, பிள்ளைக்கு ஏன் வாசிப்பு வரவில்லை என்று பள்ளியே பரிசோதிக்க வேண்டும் என்றால், இங்கே வாயால் கேட்டது கணக்கிலேயே வராது. எழுத்தில் கொடுத்தால்தான் நாள் எண்ணத் தொடங்குவார்கள். பள்ளி விடுமுறை நீங்கலாக (கோடை விடுமுறை மட்டும் கணக்கில் சேரும்) 20 நாளுக்குள் நம்மைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும், பரிசோதனைக்கு நாம் கையெழுத்துப் போட்டதிலிருந்து 90 நாளுக்குள் எல்லாம் முடிந்து, தேவை என்றால் பிள்ளைக்கான ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டம் நடைமுறைக்கும் வந்துவிட வேண்டும். ஒரு பைசா செலவில்லை. 1975-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம் கொடுத்த உரிமை இது. இதையே வெளியில் தனியாகச் செய்தால் ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும்.

பரிசோதிக்க வந்த பள்ளி சைக்காலஜிஸ்ட் (உளவியல் நிபுணர்) அம்மா எங்களிடம் முதலில் கேட்டது, "கோபம் வந்தால் எந்த மொழியில் கத்துவான்?" என்றுதான். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கவனித்திருக்கிறார்: வாசிக்கும் முறை இவனை நெருங்கும்போதெல்லாம் பென்சில் சீவ எழுந்து போகிறான், நாலு தடவை. இத்தனை வருடம் கூடவே இருந்த எங்கள் கண்ணில் படாதது அது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்குவதில் இவன் வயதுக்கு மேலே, எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் வெகு கீழே. புத்தி மட்டு இல்லை, வாசிப்பில் கற்றல் குறைபாடு என்று அவர் தாளில் கோடு போட்டுக் காட்டியபோது என் கணவர் அழுதுவிட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். அறிக்கை கூட்டத்துக்கு 10 நாள் முன்பே கைக்கு வந்தது, சரி, ஆனால் அவர் விளக்காமல் ஒரு பக்கம்கூடப் புரிந்திருக்காது. அவர்கள் துறையின் தேசிய சங்கமே 500 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது, இங்கே மூன்று பள்ளிக்கு இவர் ஒருவர். பரிசோதனை முடிந்த பிறகு பையனோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரமே இல்லை. இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்காக.

முடிவில் திருப்தி இல்லையென்றால், பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் செலவில் வெளியாள் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். கடிதத்தில் தேதி போடுங்கள், நகல் எடுத்து வையுங்கள், இன்றைக்கே கொடுங்கள்.