வெள்ளி மார்டனைட்: ஆறு வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன்

வெள்ளி மார்டனைட் என்பது வெள்ளி ஏற்றிய நுண்துளைக் கனிமம்; பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையின் வாயுவிலிருந்து அயோடினைப் பிடிக்க உதவும். புதிதாக ஆய்வகம் அமைக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அயோடின் பிடிக்க வெள்ளி மார்டனைட்டே வாங்கிடலாமா சார்?" ஒரு மணி நேரம் அதைத் திட்டித் தீர்த்துவிட்டு, "வாங்குங்க" என்றேன். அவர் குழம்பிப்போனார். அதனால் இதை எழுதுகிறேன்.

பிடிப்பதில் குறையே சொல்ல முடியாது. ஒரு கிராம் மார்டனைட்டில் 0.1 கிராம் வெள்ளி இருந்தால், கணக்குப்படி சுமார் 0.118 கிராம் அயோடின் கட்டுண்டு வெள்ளி அயோடைடாகிவிடும். நாங்கள் சோதிப்பது கதிரியக்கமில்லாத அயோடின்-127 வைத்துத்தான். ஆனால் ஆலையில் வருவது கதிரியக்க அயோடின்-129, அரை ஆயுள் 1.57 கோடி ஆண்டு, உடலுக்குள் போனால் தைராய்டில் சேரும். அதை நிறுத்தும் பொருள் என்பதால்தான் இதன் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

என் கோபமெல்லாம் நைட்ரஜன் டை ஆக்சைடு விஷயத்தில். ஆலையில் அணு எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போதுதான் அயோடினே வெளிவருகிறது; நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதோடு கிளம்பும். ஹைட்ரஜன் கொடுத்து நாம் உலோகமாக்கி வைத்த வெள்ளியை இந்த வாயு வாரக்கணக்கில் தாக்கினால் பிடிக்கும் திறன் சரிந்துவிடும். தான் வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே தாக்குப்பிடிக்காத பொருளை என்ன சொல்ல? ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவேயில் உருவான வெள்ளி நைட்ரேட் ஏற்றிய சிலிக்காவுக்கு இந்த வாயுவால் பெரிய பாதிப்பில்லை. நியாயமாக அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஈரமும் ஆகாது. ஒருநாள் ராத்திரி எங்கள் ஹீட்டர் நின்றுபோய், மார்டனைட் நிரப்பி 150 டிகிரியில் இருந்த குழாய் ஆறி, உள்ளே நீர் கோத்துக்கொண்டது. காலையில் திறந்தால், அடிவலையில் சாம்பல் நிறத்தில் ஈர அரிசிமாவு மாதிரி அப்பியிருந்தது. 1.6 மி.மீ. மார்டனைட் குச்சிகளில் பாதி பொடி. வலையைச் சுரண்டி எடுக்கவே மத்தியானம் ஆனது.

எரிபொருளிலிருந்து வரும் இன்னொரு கதிரியக்க வாயுவான கிரிப்டான்-85 இதில் நிற்காது, அந்தச் சூட்டில் நேரே கடந்துபோகும். அதற்குக் கடுங்குளிர் வடிப்பு மாதிரி வேறு வழி வேண்டும். பிரான்ஸின் லா ஹேக் மறுசுத்திகரிப்பு ஆலையில் இன்றும் கிரிப்டான் புகைபோக்கி வழியாகவே போகிறது. நினைத்தால் வயிறெரிகிறது.

ஆனாலும் வாங்கச் சொன்னேன். ஆறு வருஷத்தில் இது எப்போது, எதனால் நோகும் என்று எனக்குத் தெரியும். சிலிக்காவை நான் தொட்டதில்லை. முன்னால் நைட்ரஜன் ஆக்சைடைக் கழுவ ஒரு தொட்டி வையுங்கள். ஹீட்டருக்குத் தனி மின் இணைப்பு கொடுங்கள், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.