அடைமழையும் ஜெனரேட்டர் பேட்டரியும்: சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 சார்ஜர்

எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் ஆண்டுக்குப் பத்து முறை ஓடினாலே அதிகம். ஆனால் அது ஓடியாக வேண்டிய நாள், ஐப்பசி அடைமழையில் கம்பி அறுந்து ஊரே இருண்டு கிடக்கும் நாளாகத்தான் இருக்கும். அன்றைக்குப் பார்த்து செல்ஃப் எடுக்காது. ஈய அமில பேட்டரி சும்மா கிடந்தாலும் மாதந்தோறும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் அந்த இழப்பு இன்னும் விரைவாகும். இறங்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது.

முதலில் வாங்கிய பெயரில்லாத மலிவுச் சார்ஜர், பேட்டரி நிறைந்த பிறகும் மின்னழுத்தத்தைக் குறைக்காமல் ஏற்றிக்கொண்டே இருந்ததால், டிஸ்டில்டு வாட்டர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது. எப்போதும் இணைத்தே வைக்கும் கருவிக்கு ஏற்றும் வேகத்தைவிட, நிறுத்தத் தெரிவதே முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்வீடன் நிறுவனமான சிடெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0 அதைச் சரியாகச் செய்கிறது. 14.4 வோல்ட் வரை ஏற்றிய பின் 13.6 வோல்ட்டுக்கு இறங்கிப் பத்து நாள் காக்கிறது. அதன்பின் பேட்டரி சற்று இறங்கும்போது மட்டும் விட்டுவிட்டு ஏற்றுகிறது. சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்ப மின்னழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்வது நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு மிகவும் தேவையான வசதி. 110 ஆம்பியர்-மணி வரையான பேட்டரியை ஏற்றவும், 160 வரை பராமரிக்கவும் இது போதும். மிகவும் இறங்கிப்போன பேட்டரியை மீட்க 15.8 வோல்ட் வரை போகும் ரீகாண்ட் முறையை மட்டும் கையேட்டைப் படிக்காமல் தொட வேண்டாம்.

இதன் ஐபி65 தரத்தை நம்பலாம்: தூசி உள்ளே புகாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் அந்த எண் சார்ஜரின் உடலுக்குத்தான், பிளக்குக்கு அன்று. உறவினர் வாங்கி வந்த ஐரோப்பியப் பிளக் நம் சாக்கெட்டில் இறுகப் பொருந்தாததால் இடையில் ஓர் அடாப்டரும் சேர்ந்துகொள்ள, மழைக்கு அஞ்ச வேண்டிய இடம் அதுவாகவே ஆனது. அதனால் சாக்கெட்டை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, வயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றி, வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டும்படி செய்தோம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் சேர்த்தோம். பேட்டரி வாயு வெளிவிடும் என்பதால் சார்ஜரை அதன் மேலேயே வைக்காமல் சுவரில் மாட்டியிருக்கிறோம். டெர்மினலில் நிலையாக முடுக்கிவைக்கும் வளைய முனை வயரும் கூடவே வருவதால், கழற்றி மாட்டுவது நொடி வேலை.

எலிப் பல்லுக்கு மட்டும் ஐபி எண் எதுவும் இல்லை. அந்த மெல்லிய வயரைப் பிவிசி குழாய்க்குள் செலுத்திய பிறகுதான் நிம்மதி.